பென்சில் அக்காவும் பாலைவனப் படமும்

சிட்லபாக்கத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் ஓர் அக்கா குடியிருந்தார். அவருடைய சமையலறை அலமாரியில் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் பென்சிலால் எழுதிய பெயர். கடுகு, சீரகம், வெந்தயம், துவரம் பருப்பு. கடைசி டப்பாவில் மட்டும் 'சோம்பு?' என்று இருந்தது.

குடிவந்த முதல் வாரம் சர்க்கரை கேட்டுப் போயிருந்தேன். கேள்விக்குறி எதற்கு என்று கேட்டேன்.

"கடைக்காரர் சோம்புன்னு சொல்லிக் குடுத்தாரு. நான் இன்னும் பிரிச்சுப் பாக்கல."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தான் பார்க்காத எதையும் தெரியும் என்று சொல்லவே மாட்டார், எழுதவும் மாட்டார். இது அவருடைய கொள்கையா, இயல்பா, வியாதியா என்று மூன்று வருடம் யோசித்தும் எனக்கு முடிவு கிடைக்கவில்லை.

எனக்கு அப்போது ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையின் கலர் லேபில் வேலை. காரின் கதவில் இருக்கும் சிவப்பும் பானெட்டில் இருக்கும் சிவப்பும் ஒரே சிவப்புதானா என்று கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும். பட்டியல் போடாமல் பல் தேய்க்கவே போகாத ஆள் நான். அப்படிப்பட்ட நானே அவர் முன்னால் அலட்சியமானவளாகத் தெரிந்தேன்.

பழைய காகிதங்களைக் காப்பாற்றுவது அவர் தொழில். பல வருடம் ஒரு நூலகத்தில் அந்த வேலை பார்த்துவிட்டு, பிறகு வீட்டு முன்னறையிலேயே மேஜை போட்டுக்கொண்டார். மேஜை மேல் மெல்லிய பிரஷ்கள், கோதுமை மாவுப் பசை வைத்த கிண்ணம், பூதக்கண்ணாடி, வெங்காயத் தோலைப் போன்ற ஜப்பான் காகிதச் சுருள், பென்சில்கள் எல்லாம் இருக்கும். பேனாவுக்கு மட்டும் அந்த அறையில் அனுமதி இல்லை. பென்சில் எழுத்தை அழித்துவிடலாம், மை கொட்டினால் கொட்டியதுதான் என்பார். கூரியர் கொண்டுவருபவர் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாலே, அவரை நகர்த்திக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுவார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'பென்சில் அக்கா'.

மாடிப்படிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை உண்டு. தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போடப்படும் என்று அதில் எழுதிவைப்பது குடித்தனக்காரர்களின் முறை. அக்காவின் வாரம் வந்தால், 'மோட்டார் 6 மணி? (ஹவுஸ் ஓனர் சொன்னது)' என்று இருக்கும். ஹவுஸ் ஓனருக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீடு, என் மோட்டார், அதுக்கே கேள்விக்குறியா என்று சத்தம் போட்டார். மறுநாள் அவர் மறைமலைநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு மோட்டார் ஓடவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பலகையைப் பற்றிப் பேசியதே இல்லை.

அக்காவுக்கு வரன் பார்த்த கதையையும் அவரே சொன்னார். மாமா ஒருவர் மாப்பிள்ளையின் ஜாதகத்தோடு விவரத்தாளையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். இவர் ராத்திரி அதைப் படித்துவிட்டு, காலையில் பென்சில் குறிப்புகளோடு திருப்பிக் கொடுத்திருக்கிறார். சொந்த வீடு என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி. சிகரெட் பழக்கம் இல்லை என்ற இடத்தில் இன்னொன்று. அமைதியான குணம் என்ற இடத்தில் மூன்று. மாமா இரண்டு வருடம் இந்தப் பக்கமே வரவில்லையாம்.

"அப்புறம் அந்த மாப்பிள்ளை எப்படிப்பட்டவராம்?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? நான் பாக்கலையே."

அவரிடம் அதிகம் வந்தது நிலப் பத்திரங்கள். வெள்ளத்தில் நனைந்தவை, பீரோவில் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. படப்பையிலிருந்து ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். அக்கா அதைப் பிரித்து, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, மங்கிப்போன நான்கு வரிகளை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். வந்தவருக்கு ஒரே சந்தோஷம்.

"அதான் படிச்சிட்டீங்களே மேடம். அப்படியே அது மேல ஒரு தபா எழுதிட்டா இன்னா? நீட்டா இருக்கும்ல."

"எழுத்து எனக்குத் தெரியுதுங்க. ஆனா எழுதுனது நான் இல்லையே."

"யார் எழுதினா இன்னா மேடம், நெலம் எங்களுதுதான?"

"இருக்கலாம்" என்றார் அக்கா. வந்தவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

இதையெல்லாம் கேட்டால் கல்நெஞ்சுக்காரி என்று தோன்றும். எனக்கும் ஒருமுறை தோன்றியது. ஊரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஆஞ்சியோகிராம் எடுக்கிறார்கள் என்று தம்பி போன் செய்தான். என்னை உடனே கிளம்பி வர வேண்டாம், முடிவு தெரிந்ததும் சொல்கிறேன் என்றான். லேபில், பஸ்ஸில், போனில், யாரிடம் சொன்னாலும் ஒன்றும் ஆகாது என்றார்கள். மாடிக்குப் போய் அக்காவிடம், "ஒண்ணும் ஆகாதில்லக்கா?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாதும்மா" என்றார். அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். அவர் கையிலிருந்த வேலையை மூடிவைத்தார், பசைக் கிண்ணத்தைத் தட்டால் மூடினார், என்னோடு கீழே வந்து என் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். போன் வரும்வரை நான்கு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று சொன்ன யாரும் வந்து உட்காரவில்லை.

இனி பாலைவனப் படம்.

ஒரு சனிக்கிழமை சேலையூரிலிருந்து ஓர் அம்மாவும் அவர் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். மகன் பழைய போர்வையில் சுற்றி ஒரு ஃபிரேமைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு வாட்டர் கலர். மணல் மேடுகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய் வெளிறிய வானத்தில் கரைகின்றன. ஓரமாக முள்மரம் ஒன்று. வானத்தில் சிவப்பாகச் சூரியன், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். அவ்வளவுதான் படம். ஆனால் பார்த்தால் வெயில் கண்ணில் அடித்தது.

மகன் விஷயத்தைச் சொன்னார். படத்தைப் போன் கேமராவில் எடுத்து, ஓவியங்கள் பற்றிப் பேசும் ஓர் இணையக் குழுவில் போட்டிருக்கிறார். பெங்களூரிலிருந்து ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் காலத்தில் ஒட்டகத்தில் ஊர் சுற்றி வரைந்த ஓர் ஓவியரின் கைவேலை இது. அந்தச் சிவப்புச் சூரியன்தான் அவருடைய அடையாளம். மஞ்சள் வளையம் போடும் நுட்பம் வேறு யாருக்கும் கைவராது. நிபுணர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத் தயார். அவர் சொன்ன விலையில் புது கார் வாங்கலாம்.

மகன் பேசி முடிக்கும்வரை அம்மா காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"இது என் வீட்டுக்காரர் வரைஞ்சதும்மா. விமானப்படையில மெக்கானிக்கா இருந்தாரு. ராஜஸ்தான் பக்கம் மூணு வருஷம் போட்டிருந்தாங்க. அங்க வரைஞ்சேன்னு சொன்னாரு."

"அம்மா, அப்பா வேற ஒரு படமாவது வரைஞ்சு நீ பாத்திருக்கியா?" என்றார் மகன்.

அதுதான் சிக்கல். அந்த மனிதர் வாழ்நாளில் வேறொரு படம் வரையவில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள், எங்கேயோ வாங்கிவந்து கதை விடுகிறான் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேலி செய்திருக்கிறார்கள். அவர் போய் ஆறு வருடம் ஆகியும் அந்தக் கேலி நிற்கவில்லை. இப்போது பெற்ற மகனே அதை எழுத்தில் வாங்க வந்திருக்கிறார். படம் விலை போனால் புருஷன் பொய்யர். படத்துக்கு ஒரு விலையும் இல்லையென்றால் அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். தன் பொருளுக்கு மதிப்பே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வந்த ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வாரம் கேட்டுப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டார் அக்கா. ஃபிரேமைக் கழற்றியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பின்னால் பிளைவுட், அதற்குள் மடித்து வைத்த செய்தித்தாள், நான்கு மூலையிலும் பழுத்துப்போன செலோ டேப். முன்னால் சட்டமாக வைத்திருந்த அட்டையின் அமிலம் இறங்கிப் படத்தைச் சுற்றி டீக்கறை போல ஒரு கோடு. வானத்தில் பழுப்புப் புள்ளிகள். கையெழுத்து இருந்திருக்க வேண்டிய மூலையை ராமபாணப்பூச்சி நிதானமாகச் சாப்பிட்டு முடித்திருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார். சூரியனிடம் வந்ததும் பென்சில் நின்றது.

"இங்க பாரு. மத்த கலரெல்லாம் பேப்பருக்குள்ள இறங்கியிருக்கு. இது மட்டும் மேல உக்காந்திருக்கு."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஆமாம், சிவப்பு துகள் துகளாக இருந்தது. லேபில் பெயின்ட் மேற்பரப்பைச் சோதிக்க நான் வைத்திருக்கும் புற ஊதா டார்ச்சைக் கீழே போய் என் பையிலிருந்து எடுத்துவந்தேன். ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு அடித்தோம். மணல் இருண்டது, வானம் இருண்டது. பெங்களூர்காரர் வியந்த அந்த வளையம் மட்டும் பச்சை கலந்த மஞ்சளாக ஜொலித்தது.

"மஞ்சள்க்கா" என்றேன். "சமையல் மஞ்சள்."

அக்கா 'மஞ்சள்?' என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம். அமிலம் பட்டால் அது திரும்பவும் மஞ்சளாகும். பழைய காகிதத்தில் அமிலம் ஊறியிருக்கிறது. வருடக்கணக்கில் அது ஓரத்திலிருந்து சிவப்பைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. அதுதான் வளையம். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊசி முனையால் ஒரே ஒரு துகளை எடுத்து வடிதாளில் வைத்தார். எலுமிச்சை வாங்கிவரச் சொன்னார். துகள் மீது சாறு பட்டதும் சிவப்பு கரைந்து மஞ்சள் பரவியது. அப்புறம்தான் ரப்பரை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார்.

சூரியனாக இருந்தது குங்குமப் பொட்டு. யார் போய் ஓவியத்துக்குப் பொட்டு வைப்பார்கள் என்று கேட்டார் அக்கா. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் லேபில் ஆயுத பூஜைக்கு மறுநாள் கலர் அளக்கும் கருவியின் நெற்றியில் இருக்கும் குங்குமத்தைத் துடைப்பதுதான் என் முதல் வேலை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தபோது அக்கா நேரடியாகவே சொன்னார். சூரியன் பெயின்ட் இல்லை, குங்குமம். யாரோ பிறகு வைத்தது. மகன் நம்பவில்லை. டார்ச், எலுமிச்சை, வடிதாள் எல்லாம் காட்டினோம். அம்மா சிரிக்க ஆரம்பித்தார்.

"நான்தான் வச்சேன்" என்றார்.

ஒரு வருடம் காற்றில் கதவு அடித்து அந்தப் படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டதாம். அடுத்த வாரமே ஆயுத பூஜை. தையல் மெஷினுக்கு வைத்தார், கேஸ் அடுப்புக்கு வைத்தார், வீட்டுக்காரரின் ஸ்பேனர் பெட்டிக்கு வைத்தார். கை போன வேகத்தில் வானத்தின் நடுவில் இதற்கும் ஒரு பொட்டு. வீட்டுக்காரர் வந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று இவர் நின்றிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இப்பதான் அங்க விடிஞ்சிருக்கு என்றாராம். அன்றைக்கே கடைக்கு எடுத்துப்போய்ப் பொட்டு அழியாமல் புதுக் கண்ணாடி போட்டுவந்து, வெயில் வராத உள்ளறையில் மாட்டியிருக்கிறார்.

"தெரிஞ்சுமா சொல்லாம இருந்த?" என்றார் மகன்.

"நீ எங்க என்னைக் கேட்ட? பெங்களூர்காரரைத்தான கேட்ட."

பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "உன்கிட்டயும் வேணும்னுதான் சொல்லல. நான் வச்ச பொட்டையே கண்டுபிடிக்காதவ, அவர் வரைஞ்சதை எப்படிக் கண்டுபிடிப்பான்னு பாத்தேன். கண்டுபிடிச்சிட்ட. இப்ப சொல்லு. மிச்சத்தை வரைஞ்சது அவர்தான?"

அக்கா தெரிந்ததைச் சொன்னார். காய்ந்த நிறத்துக்குள் பொடி மணல் சிக்கியிருக்கிறது. ஈரமாக இருந்தபோது பறந்துவந்து ஒட்டிய மணல். அதனால் வரைந்தவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்திருக்க வேண்டும், அறைக்குள் பார்த்து வரைந்த படமாக இருக்காது.

"அவர் அங்கதாம்மா இருந்தாரு."

"அங்க நிறைய பேர் இருந்திருப்பாங்கம்மா. இவர்தான்னு எனக்குத் தெரியல."

அம்மாவின் கை மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தது. நான் டீ போடும் சாக்கில் அக்காவைச் சமையலறைக்குள் இழுத்தேன். ஒரே ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன்.

"அவங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார் அக்கா. "பாவம் பாத்து நான் ஒரு வரி எழுதுனேன்னு மச்சினர்ங்களுக்குத் தெரிஞ்சா, குங்குமமும் கதைதான்னு ஆயிடும்."

டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்காவே பேச்சை எடுத்தார். குங்குமத்தை எடுத்துவிடவும் முடியும், வரைந்தவர் விட்ட இடத்துக்குப் படம் திரும்பிவிடும், என்ன செய்யட்டும் என்று கேட்டார். மகன் வாயைத் திறந்தார். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். இருக்கட்டும் என்று முடிவானது.

"அப்ப பெங்களூர்காரர்கிட்ட என்னன்னு சொல்றது?" என்றார் மகன் பரிதாபமாக.

"சூரியன் வேணும்னா அவங்க வீட்டுப் படத்துக்கும் நான் வந்து வச்சுத் தரேன்னு சொல்லு" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலை. செய்தித்தாளும் பிளைவுட்டும் வெளியே போயின. டேப் பசையை நூல் நூலாக எடுத்தார். படத்தை அமிலமில்லாத அட்டையில், ஜப்பான் காகிதத் துண்டுகளால் மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட்டார். கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு, முன்னால் புதிதாக ஒரு வெள்ளை அட்டைச் சட்டம் வெட்டினார். வெயில், டியூப்லைட், ஈரச்சுவர் மூன்றும் எட்டாத இடத்தில் மாட்ட வேண்டும் என்று எழுதிவைத்தார். கண்ணாடி போடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி அந்த அம்மாவை அழைத்தார். இந்த முறை தனியாக ஆட்டோவில் வந்திருந்தார்.

அக்கா அறிக்கையை நீட்டினார். அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தார். மணல், மரம், வானம்: வரைந்தவர், உரிமையாளரின் கணவர்? (அவர் சொன்னதாக உரிமையாளர் கூற்று). சூரியன்: உரிமையாளர்.

விரல் அந்த இரண்டு வரியிலேயே திரும்பத் திரும்ப ஓடியது.

"அவருக்கு இதுவரைக்கும் யாரும் 'இருக்கலாம்'னுகூடச் சொன்னதில்ல" என்றார். பிறகு வெள்ளை அட்டைச் சட்டத்தைக் காட்டி, இதில் தான் எழுதலாமா என்று கேட்டார்.

அக்கா யோசித்தார். படத்தின் மேல் ஒரு தும்மல் பட்டாலே முகம் வெளுக்கிறவர். அட்டையை வேண்டுமானால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொல்லிவிட்டு, மேஜையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவிக் கொடுத்தார். படத்தின் மேல் ஒரு கண்ணாடித்தாளை விரித்து மூடினார்.

அம்மா குனிந்து, கீழ் ஓரத்தில் மணலுக்கு நேராகக் கணவர் பெயரை எழுதினார். கொஞ்சம் இடம் விட்டு, சின்ன எழுத்தில், தன் பெயர். எழுத்து கோணவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மச்சினர்கள் வரும் பொங்கலுக்கு இதைக் கூடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். கூடத்தில் வெயில் வருமா என்று கேட்டார் அக்கா.

கண்ணாடி போட்டு முடித்து, ஆட்டோவில் படத்தை ஏற்றும் முன் அக்கா அறிக்கையை மறுபடி வாங்கினார். எதையோ அழிக்கப்போகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். எதையும் அழிக்கவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'அட்டைச் சட்டத்தில் உள்ள இரண்டு பெயர்களும் உரிமையாளர் தம் கையால் எழுதியவை. எழுதும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.'

அதன் கீழே தேதியும் தன் கையெழுத்தும் போட, வாசலில் நின்று ஆட்டோக்காரரிடம் பேனா வாங்கினார்.